கோச் ரீமரின் வீடு விற்பனைக்கு

ஞாயிற்றுக்கிழமை காலை ஹார்லன்பர்க் கண் விழித்தபோது, கோச் ரீமரின் வீட்டுப் புல்வெளியில் டார்லா கிரெப்ஸ் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். நேரில் அல்ல, போர்டில். ‘வீடு விற்பனைக்கு’ என்று சிவப்பு எழுத்தில் போட்டு, கீழே அவள் படமும் கைப்பேசி எண்ணும் அச்சடித்த போர்டு. யாரோ அதை வேறெங்கிருந்தோ பிடுங்கிவந்து கோச்சின் வாசலில் கோணலாக நட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

அந்த ஊருக்கு இது பழகிய விஷயம்தான். கல்லூரியின் அமெரிக்கன் ஃபுட்பால் அணி தோற்கும், அதுவும் தோற்கவே கூடாத ஆட்டத்தில் தோற்கும். மறுநாள் கோச் வீட்டு முன்னால் ‘விற்பனைக்கு’ போர்டு முளைக்கும். மூட்டையைக் கட்டு என்று வாயால் சொல்வதற்குப் பதிலாக இப்படி. ரீமருக்கு முன்னால் இருந்தவருக்கும் நட்டார்கள், அவருக்கு முன்னால் இருந்தவருக்கும் நட்டார்கள். ஆனால் அதெல்லாம் அட்டையில் கையால் கிறுக்கியவை. இந்த வருஷத்துப் பையன்களுக்கு எழுதக்கூடச் சோம்பல். எல்ம் தெருவில் பூட்டிக் கிடந்த ஒரு வீட்டின் நிஜப் போர்டையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். அந்த வீட்டை விற்றுக்கொடுக்கும் பொறுப்பு டார்லாவுடையது.

தேவாலயத்துக்குக் கிளம்புவதற்குள் அந்தப் போர்டின் படம் ஊரைச் சுற்றிவிட்டது. டார்லாவின் கைப்பேசி ஓயவில்லை.

“டார்லா, கோச் வீடு என்ன விலை சொல்றீங்க?”

“அது யாரோ பண்ணின குறும்புங்க.”

“வீடு மட்டும்னா வாங்கிக்கறேன். கோச்சும் சேத்துத்தான் தருவேன்னா வேணாம்.”

இப்படிப் பத்துப் பேர். டார்லாவின் கணவன் ட்வைட் சமையல் மேசையில் உட்கார்ந்து, முட்டைக்கோசும் மாட்டிறைச்சியும் அடைத்த பீராக் பன்னைத் தின்றபடி ஒவ்வொரு அழைப்புக்கும் தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தான்.

“நீதான் நட்டேன்னு ஒத்துக்கோயேன். ஊர்ல உனக்குச் சிலை வைப்பாங்க.”

“வாய மூடிட்டுத் தின்னு,” என்றாள் டார்லா.

உள்ளுக்குள் அவளுக்குச் சந்தோஷம்தான். துணிச்சல் மட்டும் இருந்திருந்தால் அவளே போய் நட்டிருப்பாள். கல்யாணமான வருஷத்திலிருந்து வடக்குப் பக்க இருக்கைகளில் அவளும் ட்வைட்டும் உட்கார்ந்து ஆட்டம் பார்க்கிறார்கள். மழையிலும் பனியிலும் பார்த்திருக்கிறார்கள், படுதோல்விகளையும் பார்த்திருக்கிறார்கள். ஆனால் இந்த ரீமர் கொடுக்கிற வயிற்றெரிச்சலை எந்தக் கோச்சும் கொடுத்ததில்லை.

முந்தின நாள் நடந்ததையே எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றே புள்ளி பின்னால், ஆட்டம் முடியக் கொஞ்ச நேரம்தான். நான்கு வாய்ப்புக்குள் பத்து கெஜம் முன்னேறினால் பந்து நம்மிடமே தங்கும். மூன்று வாய்ப்பு போய்விட்டது, ஒரே ஒரு கெஜம் பாக்கி. ஒரு கெஜம்! நம் ஆள் ஒருவன் தடுக்கி விழுந்தாலே கிடைத்துவிடும் தூரம். ரீமர் என்ன செய்தார்? உதைக்கிற பையனை உள்ளே அனுப்பினார். பந்தை எட்டி உதைத்து எதிரியின் கையில் மரியாதையாக ஒப்படைத்துவிட்டு, ஓரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். எதிரிகள் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டே மிச்ச நேரத்தை ஓட்டிவிட்டு, ஜெயித்துவிட்டுப் போனார்கள்.

பந்தை எறிகிற குவார்ட்டர்பேக் கோல்பி வான்ஸ் வேறு ஒரு தனிக் கொடுமை. நல்ல பையன், வணக்கம் சொல்வான், தேவாலயத்தில் நாற்காலி எடுத்துப் போடுவான். ஆனால் அவன் எறிகிற பந்து யார் கைக்குப் போகும் என்பது பந்துக்கே தெரியாது. வந்த நாளிலிருந்து இவன்தான். பெஞ்சில் மைக்கா டிலார்ட் என்று ஒருவன் குந்திக்கொண்டிருக்கிறான். பயிற்சியில் அவன் எறிவதைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் சாப்பாட்டுக் கடையில் மேசையைத் தட்டித் தட்டிச் சொல்கிறார்கள். ரீமர் அவனை எழுந்து நின்று சோம்பல் முறிக்கக்கூட விடுவதில்லை.

பதினொரு மணி வாக்கில் ஆபீஸ் முதலாளி கூப்பிட்டார். அவர் சிரிக்கவில்லை.

“போர்டுல நம்ம கம்பெனி பேரு இருக்கு டார்லா. நீயே போய் எடு. ஒரு மன்னிப்பும் கேட்டுட்டு வா. ட்வைட்டக் கூட்டிட்டுப் போகாத, அவன் வாய் சும்மா இருக்காது.”

டார்லா தேவாலயத்துக்குப் போட்டிருந்த உடுப்போடேயே காரை எடுத்தாள்.

ரீமரின் வீடு கல்லூரிக்குப் பின்னால், செங்கல் முகப்பு வைத்த பழைய வீடு. தெருவில் போன ஒரு லாரி வேகத்தைக் குறைத்து, போர்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்து, சந்தோஷமாக ஹாரன் அடித்துவிட்டுப் போனது. டார்லா தலையைக் குனிந்துகொண்டு போர்டைப் பிடித்து இழுத்தாள். உறைபனியில் மண் இறுகியிருந்தது. இடுப்பை வளைத்து இன்னொரு இழு இழுத்தாள். அசையவில்லை. அவளுடைய அச்சடித்த முகம் அவளைப் பார்த்துச் சிரித்தபடியே இருந்தது.

“விடுங்க. அது அங்கேயே இருக்கட்டும்.”

கதவைத் திறந்துகொண்டு நின்றது கோச்சின் மனைவி நடீன். கையில் கரண்டி.

“மன்னிச்சுக்கோங்கம்மா,” என்றாள் டார்லா. “சத்தியமா இத நட்டது நான் இல்ல.”

“தெரியும். நீங்க நட்டிருந்தா நிமிந்து நின்னிருக்கும். நீங்க நெஜமாவே வீடு விக்கறவங்கதானே?”

“ஆமா.”

“அப்ப உள்ள வாங்க. குளிருல நிக்காதீங்க.”

அடுப்பில் இறைச்சியும் பீன்ஸும் போட்ட சில்லிக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் தட்டு நிறைய இலவங்கப்பட்டை ரோல். நடீன் கேட்காமலேயே ஒரு கிண்ணத்தில் சில்லியை ஊற்றி, ரோலை ஓரத்தில் வைத்து நீட்டினாள். பிறகு ஃபிரிட்ஜிலிருந்து பால் எடுத்துவிட்டு, அதன் கதவை முழங்காலால் ஓங்கி ஒரு இடி இடித்தாள். அப்போதுதான் அது மூடியது.

“பாத்தீங்களா? எங்க பொண்ணு பள்ளிக்கூடம் போன காலத்து ஃபிரிட்ஜ். மாத்தலாம்னா, ‘இதோட நமக்குப் பழகிடுச்சு’ங்கறாரு. சோபாவுக்கும் அதே பதில்தான். கோல்பிக்கும் அதே பதில்தான்.”

டார்லாவுக்குச் சிரிப்பு வந்தது. கோச்சின் வீட்டில், கோச்சின் சில்லியைச் சாப்பிட்டுக்கொண்டு, கோச்சின் மனைவியோடு சேர்ந்து கோச்சைப் பார்த்துச் சிரிப்பாள் என்று காலையில் யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டாள்.

நடீன் எதிரில் உட்கார்ந்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

“எங்க பொண்ணு ஆரிகன்ல இருக்கா. ரெட்டைக் குழந்தை, இன்னும் கழுத்தே நிக்கல. அந்த ஊர்க் கல்லூரியில இவருக்கு ஒரு வேலை தர்றோம்னு சொல்றாங்க. தலைமைக் கோச் இல்ல, துணைக் கோச். எனக்கு அது போதும். சீசன் முடிஞ்சதும் போய்ச் சேந்துடணும். பதில் இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள சொல்லணும்.”

“கோச் என்ன சொல்றாரு?”

“என்ன சொல்வாரு? ‘பாப்போம்.’” நடீன் கரண்டியை மேசைமேல் வைத்தாள். “கோல்பிய நடுவுல விட்டுட்டு எப்படிப் போறதுன்னாரு. அவனே வந்து, ‘நீங்க போங்க கோச், நான் பாத்துக்கறேன்’னு சொல்லிட்டான். அப்புறம் என் முதுகுவலியச் சொன்னாரு. வலி எனக்குத்தான், நான் வர்றேன்னுட்டேன். இப்ப கையில இருக்கற கடைசிச் சாக்கு இந்த வீடுதான். ‘வீடு விக்காம எப்படிக் கெளம்பறது, ரெண்டு வீட்டுக்கு எப்படிப் பணம் கட்டறது?’ காலையில அந்தப் போர்டப் பாத்ததும், கடவுளே ஆள் அனுப்பியிருக்காருன்னு நெனச்சேன். நீங்க ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க, ‘இப்பவே போட்டா விக்கும்’னு. அதுக்கப்புறம் அவருக்கு ஒளிய எடமே இல்ல.”

டார்லாவின் கையில் இருந்த ரோல் அப்படியே நின்றது. கல்லூரி ரீமரைத் தானாக அனுப்பாது. ஒப்பந்தம் இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது என்பது ஊரில் கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். கோல்பிக்கும் இன்னும் ஒரு வருஷம் பாக்கி. மைக்கா இந்த சீசனோடு வேறு கல்லூரிக்குப் போகப்போகிறான் என்று பேச்சு. ரீமர் தானாகக் கிளம்பினால்தான் உண்டு. ஸ்டேடியம் முழுக்கத் தொண்டை கிழியக் கத்தியும் நகராத மனிதர், இப்போது டார்லாவின் ஒரு வார்த்தையில் நகர்ந்துவிடுவார். அந்த அம்மாவுக்குப் பேரக் குழந்தைகள், ஊருக்கு விமோசனம். யாருக்கும் கெடுதல் இல்லை.

“சொல்லிடலாம்,” என்றாள் டார்லா. மனசுக்குள் ட்வைட்டிடம் எப்படிச் சொல்வது என்று ஒத்திகைகூடப் பார்த்துவிட்டாள்.

அப்போது நிலவறைப் படியில் சத்தம் கேட்டது. கீழே உட்கார்ந்து தோற்ற ஆட்டத்தின் வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்த ரீமர் மேலே வந்தார். காலில் உறை மட்டும், கண்ணாடி நெற்றிமேல். ஸ்டேடியத்தில் பார்ப்பதைவிடக் குள்ளமாக இருந்தார்.

“எல்டன், இவங்கதான் டார்லா,” என்றாள் நடீன்.

“தெரியும். வாசல்ல நிக்கறாங்களே.” அவர் கை குலுக்கினார். “போர்டுல இருக்கறது உங்க பொண்ணோன்னு நெனச்சேன்.”

“நான்தாங்க. கொஞ்சம் பழைய படம்.”

“மாத்தியிருக்கலாமே?”

“ஜனங்களுக்கு அந்த முகம் பழகிடுச்சு,” என்றாள் டார்லா.

நடீன் சில்லிப் பாத்திரத்தை டங்கென்று மூடினாள்.

“உங்க குரல எங்கயோ கேட்டிருக்கேன்,” என்றார் ரீமர் நெற்றியைச் சுருக்கி. “வடக்குப் பக்கம். ‘எறிடா, இல்லேன்னா வீட்டுக்குப் போடா’ன்னு ஒரு குரல் வருமே.”

டார்லாவின் காது மடல் வரை சிவந்துவிட்டது. “அது கோல்பியச் சொல்றதுங்க. உங்கள இல்ல.”

“என்னச் சொல்றது வேற மாதிரி இருக்கும். அதுவும் கேட்டிருக்கேன்.” அவர் கோபப்படவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ரோல் ஒன்றை எடுத்துக்கொண்டார்.

இனி மறைத்துப் பயன் இல்லை என்று டார்லா கேட்டேவிட்டாள். “கேக்கறேன்னு தப்பா நெனைக்காதீங்க கோச். மைக்காவ ஒரு தடவை எறக்கிப் பாத்தா என்ன? ஊர் முழுக்க இந்த ஒரு கேள்விதான்.”

ரீமர் மென்று முடித்துவிட்டுத்தான் பதில் சொன்னார்.

“மைக்கா நல்லா எறிவான். கோல்பியவிட நல்லாவே எறிவான். ஆனா கோல்பி எங்க தப்புப் பண்ணுவான்னு எனக்குத் தெரியும். வலது பக்கம் ரெண்டு பேர் வந்தா பதறுவான். அதுக்கு ஏத்த மாதிரி நான் ஒரு ஆள அங்க நிறுத்திக்கலாம். மைக்கா எங்க தப்புப் பண்ணுவான்னு எனக்குத் தெரியாது. அந்த ‘தெரியாது’தான் என்னத் தூங்க விடாது.”

ஸ்டேடியத்தில் யாராவது இதைச் சொல்லியிருந்தால் டார்லா கையில் இருந்த சோடாவை அவன் தலையில் ஊற்றியிருப்பாள். இங்கே, சமையல் மேசையில், தன்னையறியாமல் தலையை ஆட்டினாள். வீடு வாங்க வருகிறவர்களிடம் அவளும் இதைத்தான் சொல்வாள். ஒழுகுகிற இடம் தெரிந்த கூரையை வாங்கலாம், ஒழுகுவது எங்கே என்று தெரியாத கூரையை வாங்கக் கூடாது. தலையை ஆட்டியதை நடீன் பார்த்துவிட்டாள் என்று தெரிந்ததும் ஆட்டுவதை நிறுத்தினாள்.

“வீட்ட ஒரு சுத்து காட்டு, எல்டன்,” என்றாள் நடீன் அவசரமாக.

மூன்று பேரும் வீட்டைச் சுற்றினார்கள். டார்லாவுக்குள் இருந்த விசிறி பின்னால் போய், வீடு விற்கிறவள் முன்னால் வந்தாள். அது அவள் கையில் இல்லை. கால் வைத்த இடத்திலெல்லாம் கண் தானாக வேலை செய்தது. நிலவறைச் சுவரில் தண்ணீர் ஏறி இறங்கிய கறை இருந்தது. கூரையில் போன வருஷத்து ஆலங்கட்டி மழையின் அடி. ஜன்னல்கள் பழசு. ஆனால் தரை நல்ல ஓக், அறைகள் பெரிசு, கல்லூரிக்கு நடக்கிற தூரம். நல்ல வீடுதான். விற்கும். எப்போது விற்கும் என்பதுதான் கேள்வி.

ஊர் மருத்துவமனைக்கு ஒரு புது டாக்டர் குடும்பத்தோடு வரப்போகிறார் என்று ஆபீஸில் ஒரு பேச்சு அடிபட்டது. அவர் வந்தால், அவருக்குப் பிடித்தால், பத்தே நாளில் முடியும். வராவிட்டால் போர்டு பனிக்காலம் முழுக்கப் புல்வெளியில் நின்று வெளுக்கும். கோச் ஓடுகிறார் என்று தெரிந்து வருகிறவனெல்லாம் அடிமாட்டு விலைக்குக் கேட்பான். இப்படியும் ஆகலாம், அப்படியும் ஆகலாம்.

வரவேற்பறைக்குத் திரும்பி வந்ததும் ரீமர் அவளுக்கு நேராக நின்றார். கைகளைக் கட்டிக்கொண்டார். சனிக்கிழமைகளில் ஓரமாக நிற்பாரே, அதே நிற்பு.

“சொல்லுங்க. உங்க வீடா இருந்தா இன்னிக்கே விலைக்குப் போடுவீங்களா?”

நடீன் அவருக்குப் பின்னால் நின்றாள். இரண்டு கைகளையும் மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தாள். வாய் அசையவில்லை. கண்கள் மட்டும் கெஞ்சின.

‘போடுவேன்’ என்ற ஒரு சொல்தான். பொய்கூட இல்லை. கொஞ்சம் தைரியம், அவ்வளவுதான். டார்லா வாயைத் திறந்தாள். ஆனால் அந்த வாய் இத்தனை வருஷமாக வாடிக்கையாளர்களிடம் நஷ்டம் வராத வார்த்தைகளை மட்டுமே சொல்லிப் பழகிய வாய். பின்னால் வந்து ‘நீதானே சொன்னே’ என்று ஒருத்தரும் கேட்டுவிடாதபடி பேசிப் பேசித் தேய்ந்த வாய்.

“நவம்பர் நல்ல நேரம் இல்லீங்க,” என்று அந்த வாய் சொன்னது. “வீடு தேடற குடும்பமெல்லாம் பள்ளிக்கூடம் முடிஞ்சுதான் கெளம்புவாங்க. இப்பப் போட்டா குறைச்சுக் கேப்பாங்க. ஏப்ரல்ல போடுங்க. புல்லு பச்சையா இருக்கும், அதுக்குள்ள நிலவறைச் சுவரையும் சரி பண்ணிடலாம். அவசரப்பட்டு எறங்கறதவிட…”

அவளே நிறுத்திக்கொண்டாள். சொன்னது என்ன என்று அவள் காதில் அப்போதுதான் விழுந்தது. ஒரு கெஜம் பாக்கி இருக்கும்போது பந்தை உதைத்துக் கொடுத்திருந்தாள்.

ரீமரின் முகம் தெளிந்துவிட்டது. பரீட்சை தள்ளிப்போன பையன் மாதிரி ஆகிவிட்டார்.

“நான் இதத்தானே சொல்லிட்டிருக்கேன், நடீன்! இவங்க வீடு விக்கறவங்க. விக்க வச்சா இவங்களுக்கு லாபம். அவங்களே பொறுத்திருங்கன்னு சொல்றாங்க.”

“ஆனா வித்தாலும் வித்துடும்,” என்று டார்லா அவசரமாகச் சொன்னாள். “ஒரு டாக்டர் வரப்போறாருன்னு பேச்சு. ஒருவேளை அவரு…”

“வேணாம், வேணாம். மொதல்ல மனசுல பட்டதுதான் சரியா இருக்கும்.” அவர் ஏற்கெனவே கைப்பேசியை எடுத்துவிட்டார்.

அவர்கள் இருவர் முன்னாலேயே ஆரிகனுக்குப் பேசினார். நீளமாகப் பேசவில்லை. ரொம்ப நன்றி என்றார், பெரிய கௌரவம் என்றார், ஆனால் இந்த வருஷம் முடியாது, நேரம் சரியில்லை என்றார். அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, “இல்லீங்க, புரியுது. அடுத்த வருஷம் வரைக்கும் நீங்க காத்திருக்க முடியாதுன்னு புரியுது,” என்று சொல்லி வைத்துவிட்டார்.

நடீன் உள்ளே போய் அடுப்பை அணைத்தாள்.

ரீமர் காலணி மாட்டிக்கொண்டு டார்லாவோடு வெளியே வந்தார். போர்டை இரண்டு கையாலும் பிடித்து ஒரே இழுப்பில் பிடுங்கினார். மண்ணைத் தட்டி, அவள் காரின் பின்பக்கத்தில் பத்திரமாக வைத்து மூடினார்.

“உங்கள மாதிரி நிதானமா யோசிக்கறவங்க ஸ்டேடியத்துல நாலு பேர் இருந்தாப் போதும்,” என்றார். மனசாரச் சொன்னார். டார்லாவுக்குத் தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

அவர் வீட்டுக்குள் போன பிறகும் அவளால் காரைக் கிளப்ப முடியவில்லை. சாவியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண்ணாடியை யாரோ தட்டினார்கள். நடீன். மேல்கோட்டுகூடப் போடாமல் வந்திருந்தாள். டார்லா கண்ணாடியை இறக்கினாள்.

“என்ன மன்னிச்சிடுங்க. எனக்கு எப்படி அப்படி வாயில வந்துச்சுன்னே தெரியல.”

“எனக்குத் தெரியும்,” என்றாள் நடீன். “அந்த மாதிரி ஒரு ஆளோடதானே குடித்தனம் பண்றேன்.” அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் டார்லாவுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். “பத்தாயிரம் பேரு அவரப் பாத்துக் கத்தறாங்க. ஒரே ஒரு ஆள் நேருக்கு நேரா நின்னு ‘போ’ன்னு சொல்லிட்டாப் போதும்னு இருந்தேன். கத்தறவங்கள்ல ஒருத்தரே வாசலுக்கு வந்தாச்சேன்னு நம்பிட்டேன்.”

டார்லாவால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“சனிக்கிழமை வருவீங்கதானே?” என்று கேட்டாள் நடீன்.

“வருவேன்.”

“அவரு உதைக்கச் சொல்வாரு. எப்பவும் போல. எனக்குக் கீழ் வரிசைல குடும்பத்தாருக்கு ஒதுக்கின எடம். எதிர்லயே கேமரா. சிரிச்சமாதிரியே உக்காந்திருக்கணும். என் பங்குக்கும் சேத்து நீங்க கத்துங்க. அதையாவது பண்ணுங்க.”

அவள் கைகளைத் தேய்த்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

வீட்டில் ட்வைட் வாசலிலேயே காத்திருந்தான். “என்ன ஆச்சு? திட்டினாங்களா? சோறு போட்டாங்களா?”

“போர்ட எடுத்துட்டேன்,” என்றாள் டார்லா. அந்த வாரம் முழுக்க அதற்கு மேல் ஒரு வார்த்தை பெயரவில்லை. ஆபீஸில் கேட்டவர்களுக்கும் அதே பதில். புதன்கிழமை மைக்கா டிலார்ட் வேறு கல்லூரிக்குப் போவதாக அறிவித்துவிட்டான். சாப்பாட்டுக் கடையில் ரீமரைத் திட்டாத வாய் இல்லை. டார்லா தலையைக் குனிந்துகொண்டு காபியைக் குடித்துவிட்டு வந்தாள்.

சனிக்கிழமை நல்ல குளிர். ட்வைட் உட்காரும் மெத்தையும் போர்வையும் ஃபிளாஸ்க்கும் தூக்கிவந்து வடக்குப் பக்கத்தில் வழக்கமான இடத்தில் விரித்தான். முதல் பாதியில் கோல்பி இரண்டு பந்தை எதிரிக்குத் தானம் செய்தான். இரண்டாம் பாதியில் எப்படியோ தட்டுத் தடுமாறி நான்கு புள்ளி வித்தியாசத்துக்கு இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். நடுக்களத்தில் மூன்று வாய்ப்பு முடிந்தது. பாக்கி ஒரு கெஜம், அதுகூட முழுசாக இல்லை.

கோல்பி ஓரத்தைத் திரும்பிப் பார்த்தான். ரீமர் கையை அசைத்தார். உதைக்கிற பையன் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு உள்ளே ஓடினான்.

ஸ்டேடியம் கொதித்தது. ட்வைட் எழுந்து நின்று ரீமரின் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டினான். சுற்றிலும் எல்லோரும் நின்றார்கள். டார்லா மட்டும் உட்கார்ந்திருந்தாள்.

“என்ன, உடம்பு சரியில்லையா உனக்கு?” என்றான் ட்வைட்.

அவள் கீழ் வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நடீன் மடியில் கையுறைகளைக் கோத்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தாள். எதிரில் கேமராக்காரன். முகத்தில் அந்தச் சிரிப்பு. மெதுவாகத் தலையைத் திருப்பி வடக்குப் பக்கத்தைத் தேடினாள். இத்தனை கூட்டத்தில் அவளுக்குத் தெரிந்திருக்காது. ஆனாலும் தேடினாள்.

டார்லா எழுந்தாள். போர்வை காலடியில் விழுந்தது.

“ஒண்ணே ஒண்ணுதானே!” என்று கத்தினாள். “ஒண்ணே ஒண்ணு! அதுக்குக்கூடவா தைரியம் இல்ல? எதுக்குப் பயம்? யாருக்குப் பயம்? அந்தப் பொம்பள என்ன பாவம் பண்ணா?”

கடைசிக் கேள்வி யாருக்கும் விளங்கவில்லை, யாரும் அதைப் பொருட்படுத்தவுமில்லை. முன் வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்துக் கை தட்டினார்கள். அவள் மறுபடி கத்தினாள். தொண்டை கிழிந்து, கண்ணில் தண்ணீர் வந்து, குரல் கம்மிப்போகும் வரை கத்தினாள். அப்படி ஒரு கத்தலை அத்தனை வருஷத்தில் அவளிடமிருந்து ட்வைட் கேட்டதே இல்லை.

கீழே, களத்தோரம், ரீமர் திரும்பினார். குரல் வந்த திசையில் மேலே பார்த்தார். வரிசை வரிசையாகக் கண்ணை ஓட்டி அவளைக் கண்டுபிடித்துவிட்டார். முகம் மலர்ந்தது. தொப்பியைக் கழற்றி, தெரிந்தவர்களுக்கு ஆட்டுவது போல அவளைப் பார்த்து ஒரு தடவை ஆட்டினார். பிறகு தொப்பியைப் போட்டுக்கொண்டு கையைக் கட்டிக்கொண்டார். பந்து உயரமாக எழும்பி எதிரிகளின் பக்கம் போனது.

ட்வைட் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். “அது யாருக்குக் காட்டினாரு? உனக்கா?”

“எனக்குத்தான்,” என்று சொல்லிவிட்டு டார்லா உட்கார்ந்தாள்.